சில வேளைகளில் மட்டும் கட்டாயமாகும் புலங்கள்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

வலைப் படிவத்தில் ஒரு புலத்தை எப்போதும் கட்டாயமாக்குவது ஒரே சொல்லில் முடிந்துவிடும் வேலை. ஆனால் அந்தப் புலம், வேறொரு புலத்தில் பயனர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பதைப் பொறுத்துச் சில வேளைகளில் மட்டும் கட்டாயமாக வேண்டும் என்று வந்துவிட்டால், பிழைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைகாட்டத் தொடங்கும். அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: ஒரே நிபந்தனை எச்டிஎம்எல்லில் ஒரு விதமாகவும், ஜாவாஸ்கிரிப்டில் இன்னொரு விதமாகவும், சர்வரில் மூன்றாவது விதமாகவும் எழுதப்பட்டிருக்கும்; ஏதாவது ஒரு தருணத்தில் அவை தமக்குள் முரண்படும்.

எடுத்துக்காட்டுக்காக ஒரு சிறு படிவத்தை வைத்துக்கொள்வோம். ‘உங்களை எவ்வழியில் தொடர்புகொள்ளலாம்?’ என்ற கேள்விக்கு மின்னஞ்சல், தொலைபேசி, பிற என்ற மூன்று ரேடியோ பொத்தான்கள் உள்ளன. முதலாவதைத் தேர்ந்தால் மின்னஞ்சல் முகவரியும், இரண்டாவதைத் தேர்ந்தால் தொலைபேசி எண்ணும், மூன்றாவதைத் தேர்ந்தால் விளக்கமும் கட்டாயம். தேர்வுக்குப் பொருந்தாத புலங்கள் திரையில் தெரியக் கூடாது.

எந்த அறிகுறியானாலும், படிவத்தைத் தடுத்தது யார், அல்லது தடுக்க வேண்டிய இடத்தில் விட்டுவிட்டது யார் என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். உலாவியின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு சமர்ப்பி பொத்தானை அழுத்துங்கள். கோரிக்கை எதுவும் வெளியே போகவில்லை என்றால் சிக்கல் உலாவியில் இருக்கிறது. கோரிக்கை போய்ப் பிழைச் செய்தியோடு திரும்பினால் சர்வரில் இருக்கிறது. உலாவியில்தான் என்று தெரிந்த பின், படிவ உறுப்பின் மீது ‘நோவேலிடேட்’ பண்பைத் தற்காலிகமாகச் சேர்த்து மறுபடி அழுத்திப் பாருங்கள். இப்போது கோரிக்கை போய்விட்டால் தடுத்தது உலாவியின் உள்ளமைந்த சரிபார்ப்பு. அப்போதும் போகவில்லை என்றால் உங்கள் ஜாவாஸ்கிரிப்ட். இந்தச் சிறு சோதனையைச் செய்யாமல் நிரலைத் திருத்தப் புகுவது வீண் வேலை.

அறிகுறி: சமர்ப்பி பொத்தானை அழுத்தினால் எதுவுமே நடப்பதில்லை

பிழைச் செய்தி இல்லை, கோரிக்கை இல்லை, பக்கம் அசையவும் இல்லை. இதற்கு ஏறத்தாழ எப்போதும் காரணம், கண்ணுக்குத் தெரியாத ஒரு புலம் இன்னும் கட்டாயமாக இருப்பதுதான். சிஎஸ்எஸ்ஸில் ‘டிஸ்ப்ளே நன்’ என்று கொடுத்து மறைத்த புலத்தை உலாவி சரிபார்ப்பிலிருந்து விலக்குவதில்லை. ‘ஹிடன்’ என்ற பண்பைக் கொடுத்தாலும், புலத்தைச் சுற்றியுள்ள பெட்டியையே மறைத்தாலும் நிலை அதேதான். புலம் காலியாக இருப்பதை உலாவி கண்டுகொள்கிறது; குமிழ்ச் செய்தியைக் காட்டுவதற்காக அப்புலத்தின் மீது ஃபோகஸை வைக்கப் பார்க்கிறது; புலம் திரையிலேயே இல்லாததால் அது முடியாமல் போகிறது; ஆகவே ஓசையின்றி நின்றுவிடுகிறது. குரோம் உலாவியின் கன்சோலைத் திறந்தால், புலத்தின் பெயரைக் குறிப்பிட்டு ‘நாட் ஃபோகஸபிள்’ என்று முடியும் ஒரு சிவப்பு வரி அங்கே காத்திருக்கும்.

கன்சோலில் அந்த வரி கிடைக்கவில்லை என்றால், படிவத்துக்குள் ‘:இன்வேலிட்’ என்ற சிஎஸ்எஸ் தேர்வியைக் கொண்டு ‘குவெரிசெலக்டர்ஆல்’ இயக்கிப் பாருங்கள். செல்லாத நிலையில் உள்ள எல்லா உறுப்புகளும் பட்டியலாக வந்துவிடும். அந்தப் பட்டியலில், பல புலங்களை ஒரு குழுவாக அடக்கும் ஃபீல்டுசெட் உறுப்பும் சேர்ந்து வரலாம். தனக்குள் செல்லாத புலம் ஒன்று இருந்தால் ஃபீல்டுசெட்டும் அத்தேர்விக்குப் பொருந்தும் என்பதால் அதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

தீர்வு, மறைப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் புலத்தை முடக்குவதும் ஆகும். ‘டிசேபிள்டு’ ஆக்கப்பட்ட புலம் உள்ளமைந்த சரிபார்ப்பிலிருந்து முழுமையாக விலக்கப்படுகிறது. அதன் மதிப்பு சர்வருக்கும் அனுப்பப்படுவதில்லை. ஒரு தேர்வுக்கு உரிய புலங்கள் பல இருந்தால் அவற்றை ஒரு ஃபீல்டுசெட்டுக்குள் இட்டு, அந்த ஃபீல்டுசெட்டுக்கு ‘ஹிடன்’, ‘டிசேபிள்டு’ ஆகிய இரண்டையும் ஒன்றாகக் கொடுப்பதும் ஒன்றாக எடுப்பதுமே என் பார்வையில் மிகத் தூய்மையான வழி. அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் புலங்களின் ‘ரிக்வயர்ட்’ பண்பை ஒருபோதும் தொடவே வேண்டியதில்லை. அவை எச்டிஎம்எல்லில் நிலையாகக் கட்டாயமாகவே எழுதப்பட்டிருக்கலாம். ஃபீல்டுசெட் திறக்கும்போது கட்டாயம் உயிர்பெறுகிறது, மூடும்போது அடங்குகிறது. ஒரே ஒரு விதிவிலக்கை நினைவில் வையுங்கள்: முடக்கப்பட்ட ஃபீல்டுசெட்டின் முதல் ‘லெஜண்ட்’ (குழுவின் தலைப்பு) உறுப்புக்குள் இருக்கும் புலங்கள் முடங்குவதில்லை. நிபந்தனையைக் கட்டுப்படுத்தும் தேர்வுப்பெட்டியையே அங்கே வைக்க விரும்புவோருக்கு இது வசதி. அறியாமல் அங்கே ஒரு கட்டாயப் புலத்தை வைத்தவருக்கு இது பொறி.

புலம் திரையில் தொடர்ந்து தெரிய வேண்டும், ஆனால் விருப்பத்துக்கு உரியதாக மட்டும் மாற வேண்டும் என்ற வடிவமைப்பில் இந்த வழி பயன்படாது. அங்கே ‘ரிக்வயர்ட்’ பண்பையே ஏற்றி இறக்க வேண்டும். அதில்தான் அடுத்த அறிகுறி பிறக்கிறது.

அறிகுறி: நிபந்தனை நீங்கிய பிறகும் புலம் கட்டாயமாகவே நிற்கிறது

முதலில் பார்க்க வேண்டியது, பண்பை எப்படி நீக்கினீர்கள் என்பதை. ‘ரிக்வயர்ட்’ ஒரு பூலியன் பண்பு. அது உறுப்பில் எழுதப்பட்டிருந்தாலே போதும், அதற்கு என்ன மதிப்புக் கொடுத்திருந்தாலும் புலம் கட்டாயம்தான். ஆகவே எச்டிஎம்எல்லில் ரிக்வயர்ட்="ஃபால்ஸ்" என்று எழுதினாலும், ‘செட்அட்ரிபியூட்’ மூலம் அதற்கு ஃபால்ஸ் என்ற மதிப்பைக் கொடுத்தாலும் புலம் கட்டாயமாகவே இருக்கும். உறுப்பின் ‘ரிக்வயர்ட்’ என்ற ஜாவாஸ்கிரிப்ட் பண்புக்கு நேரடியாக ஃபால்ஸ் கொடுப்பது, அல்லது ‘ரிமூவ்அட்ரிபியூட்’ செய்வது, இவ்விரண்டுமே சரியான வழிகள். சர்வர் பக்க வார்ப்புருவில் ட்ரூ, ஃபால்ஸ் என்று மாறிமாறி அச்சிடும் நிரலிலும் இதே பிழை அடிக்கடி ஒளிந்திருக்கும்.

இரண்டாவது, ரேடியோ பொத்தான்கள். ஒரே பெயர் கொண்ட தொகுதியில் ஏதேனும் ஒரு பொத்தானில் ‘ரிக்வயர்ட்’ இருந்தாலும் முழுத் தொகுதியும் கட்டாயமாகிவிடும். ஆகவே முதல் பொத்தானில் மட்டும் பண்பை நீக்கிவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுவோர், மற்றவற்றையும் பார்க்க வேண்டும். தேர்வுப்பெட்டிகளில் நிலை நேர்மாறு: அங்கே ‘ரிக்வயர்ட்’ அந்த ஒரு பெட்டியை மட்டுமே கட்டாயமாக்கும். ‘இந்த ஐந்தில் குறைந்தது ஒன்று’ என்று சொல்ல எச்டிஎம்எல்லில் உள்ளமைந்த வழி இல்லாததால், ஜாவாஸ்கிரிப்டில் ‘செட்கஸ்டம்வேலிடிட்டி’யை நாட வேண்டி வரும்.

இந்த ‘செட்கஸ்டம்வேலிடிட்டி’தான் மூன்றாவது காரணம், மற்ற இரண்டையும்விட நேரத்தைத் தின்பதும் இதுவே. இந்தச் செயற்கூறுக்கு ஒரு செய்தியைக் கொடுத்தால், அந்தப் புலம் செல்லாத நிலைக்குப் போய்விடும். பிறகு வெற்றுச் சரத்தை, அதாவது எழுத்து ஏதுமில்லாத உரையைக் கொடுத்து அதே செயற்கூறை அழைக்கும் வரை, பயனர் எதை உள்ளிட்டாலும் நிலை மாறாது. பலரும் இதைப் படிவத்தின் ‘சப்மிட்’ நிகழ்வுக்கான கையாளியில் எழுதுகிறார்கள். என்ன நடக்கிறது என்று மெதுவாகப் பாருங்கள். பயனர் ‘தொலைபேசி’யைத் தேர்ந்து எண்ணைக் காலியாக விட்டுச் சமர்ப்பிக்கிறார். உலாவியின் கண்ணில் குறை எதுவும் இல்லாததால் ‘சப்மிட்’ நிகழ்வு எழுகிறது. உங்கள் கையாளி எண் புலத்தில் ‘எண் தேவை’ என்ற செய்தியை இட்டுச் சமர்ப்பிப்பை நிறுத்துகிறது. பயனர் எண்ணை நிரப்பி மறுபடி அழுத்துகிறார். இம்முறை உலாவி தன் சரிபார்ப்பை முதலில் ஓட்டுகிறது. பழைய செய்தி இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதால் புலம் செல்லாதது என்று முடிவுசெய்து, ‘சப்மிட்’ நிகழ்வை எழுப்பாமலேயே நிறுத்திவிடுகிறது. செய்தியை நீக்க வேண்டிய நிரல் அந்த நிகழ்வுக்குள்தான் இருக்கிறது. அது இனி ஒருபோதும் ஓடாது. பக்கத்தைப் புதுப்பித்தாலன்றிப் பயனருக்கு வழியில்லை.

எனவே செய்தியை இடுவதும் நீக்குவதும் ‘இன்புட்’, ‘சேஞ்ச்’ நிகழ்வுகளில் நடக்க வேண்டும். அதுவும், கட்டுப்படுத்தும் புலம், சார்ந்திருக்கும் புலம் ஆகிய இரண்டில் எது மாறினாலும் நடக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனியாக ‘இதை ஏற்று, அதை இறக்கு’ என்று எழுதாமல், படிவத்தின் தற்போதைய மதிப்புகளை முழுமையாகப் படித்து எல்லாப் புலங்களின் நிலையையும் புதிதாகக் கணக்கிடும் ஒரே செயற்கூறை எழுதி, எந்த நிகழ்விலும் அதையே அழையுங்கள். அதன் உள்ளே இருக்கும் நிரல் இந்த அளவுக்குத்தான் இருக்கும்:

எண்_தேவை = (வழி == "தொலைபேசி")
எண்_புலம்.கட்டாயம் = எண்_தேவை
எண்_புலம்.முடக்கம் = எண்_தேவை இல்லை
எண்_பெட்டி.மறைவு = எண்_தேவை இல்லை

கட்டாயம், முடக்கம், மறைவு மூன்றும் ஒரே மாறியிலிருந்து பிறப்பதால் அவை தமக்குள் முரண்பட வழியில்லை. பத்துப் புலங்களை ஒவ்வொரு எழுத்துக்கும் மறுகணக்கிடுவது வீண் செலவு என்று தயங்குவோர் உண்டு. படிவ அளவில் அந்தச் செலவைப் பயனர் உணரவே மாட்டார்.

நிபந்தனையைப் படிக்கும் வரியையும் ஒருமுறை சரிபாருங்கள். தேர்வுப்பெட்டியின் ‘வேல்யூ’ பண்பு, பெட்டி குறியிடப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றேதான்; தனியாகக் கொடுக்காவிட்டால் ‘ஆன்’ என்பது அதன் மதிப்பு. அதைக் கொண்டு நிபந்தனை எழுதினால் அது எப்போதும் உண்மையாகவே இருக்கும். பார்க்க வேண்டியது ‘செக்டு’ பண்பை. ‘ஃபால்ஸ்’, ‘0’ போன்ற சரங்களும் ஜாவாஸ்கிரிப்டில் உண்மையாகவே கொள்ளப்படும் என்பதும் இதே வகையைச் சேர்ந்தது.

ஆங்குலர் என்ற வலைநிரல் கட்டமைப்பில் இந்த அறிகுறி தோன்றினால், சரிபார்ப்பியை நீக்கிய பின் ‘அப்டேட்வேல்யூஅண்ட்வேலிடிட்டி’யை அழைத்தீர்களா என்று பாருங்கள். ‘கிளியர்வேலிடேட்டர்ஸ்’ விதியை மட்டுமே நீக்குகிறது. கட்டுப்பாட்டின் பழைய நிலை மறுகணக்கிடும் வரை அப்படியே இருக்கும். இந்த அழைப்பை மதிப்பு மாற்றங்களைக் கேட்கும் சந்தாவுக்குள் எழுதுவோர், ‘எமிட்ஈவெண்ட்’டை ஃபால்ஸ் ஆக்காவிட்டால் முடிவில்லாச் சுழலில் மாட்டிக்கொள்ளக்கூடும்.

அறிகுறி: கட்டாயப் புலம் காலியாக இருந்தும் படிவம் போய்விடுகிறது

காலி என்று நீங்கள் நினைப்பதும் உலாவி நினைப்பதும் வேறு. சாதாரண உரைப் புலத்தில் மூன்று இடைவெளிகளைத் தட்டினால் ‘ரிக்வயர்ட்’ நிறைவடைந்துவிடும். அது பார்ப்பது வெற்றுச் சரமா என்பதை மட்டுமே. கீழ்விரி பட்டியலில் முதலில் நிற்கும் ‘தேர்ந்தெடுக்கவும்’ என்ற உருப்படிக்கு வெற்று ‘வேல்யூ’ கொடுக்காமல் விட்டால், அந்த உரையே மதிப்பாகக் கொள்ளப்பட்டு, பயனர் எதையும் தேர்ந்தெடுக்காமலே சரிபார்ப்பைக் கடந்துவிடுவார்.

‘ரீட்ஒன்லி’ ஆக்கப்பட்ட புலமும் உள்ளமைந்த சரிபார்ப்பிலிருந்து விலக்கப்படும். தேதித் தேர்வி போன்ற கருவிகள் பயனர் நேரடியாகத் தட்டச்சு செய்வதைத் தடுக்கப் புலத்துக்கு ‘ரீட்ஒன்லி’ கொடுக்கும்போது, அதன் கட்டாயமும் சேர்ந்து மறைந்துவிடுகிறது. ‘ஏரியா ரிக்வயர்ட்’ என்ற பண்பை மட்டும் எழுதிவிட்டு உலாவி தடுக்கும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. அது திரைவாசிப்பானுக்குச் சொல்லப்படும் தகவல், சரிபார்ப்பு விதி அன்று.

ஜாவாஸ்கிரிப்டிலிருந்து படிவத்தை அனுப்புகிறீர்களா? படிவ உறுப்பின் ‘சப்மிட்’ செயற்கூறு சரிபார்ப்பையும் ஓட்டாது, ‘சப்மிட்’ நிகழ்வையும் எழுப்பாது, நேரே அனுப்பிவிடும். ‘ரிக்வெஸ்ட்சப்மிட்’ என்ற செயற்கூறே பொத்தானை அழுத்தியது போன்ற முழு வழியையும் பின்பற்றும்.

எளிதில் சிக்காத இன்னொரு காரணமும் உண்டு. ‘வரைவாகச் சேமி’ என்ற பொத்தானுக்கு ‘ஃபார்ம்நோவேலிடேட்’ கொடுத்திருப்பீர்கள். அரைகுறையாக நிரப்பிய படிவத்தைச் சேமிக்க அது தேவைதான். ஆனால் உரைப் புலத்தில் இருக்கும்போது பயனர் என்டர் விசையை அழுத்தினால், நிரலில் முதலாவதாக வரும் சமர்ப்பிப்புப் பொத்தானையே உலாவி அழுத்தியதாகக் கொள்ளும். வரைவுப் பொத்தான் நிரலில் முன்னால் நின்றால், என்டர் அழுத்தும் ஒவ்வொருவரும் சரிபார்ப்பைத் தாண்டிப் போய்விடுவார்கள். சுட்டியால் சோதிப்பவர் கண்ணில் இது ஒருநாளும் படாது. இறுதிச் சமர்ப்பிப்புப் பொத்தானை நிரலில் முன்னால் வைத்து, திரையில் வேண்டிய இடத்துக்குச் சிஎஸ்எஸ்ஸால் நகர்த்தும்போது, விசைப்பலகையின் தாவல் வரிசை குழம்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக வரைவுப் பொத்தானைச் சமர்ப்பிப்பு வகையிலிருந்து சாதாரணப் பொத்தானாக மாற்றிவிடுவதையே நான் விரும்புவேன்.

ஜேகுவெரி வேலிடேஷன் செருகுநிரலைப் பயன்படுத்தும் பழைய திட்டங்களில், 1.9 பதிப்பிலிருந்து மறைந்திருக்கும் புலங்கள் இயல்பாகவே புறக்கணிக்கப்படுகின்றன. உலாவியின் உள்ளமைந்த நடத்தைக்கு இது நேர் எதிர். அழகிய கீழ்விரி பட்டியலைக் காட்டும் வேறொரு செருகுநிரல் அசல் பட்டியலை மறைத்துவிட்டால், அந்தப் பட்டியல் சரிபார்க்கப்படாமலே போகும். ‘இக்னோர்’ அமைப்பைத் திருத்தி அப்பட்டியலை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும்.

அறிகுறி: பின்செல் பொத்தானை அழுத்தித் திரும்பினால் நிலை பொருந்தவில்லை

‘தொலைபேசி’ தேர்ந்தெடுக்கப்பட்ட நிலையில் பக்கம் திரும்புகிறது, ஆனால் எண் புலத்தைக் காணவில்லை. உலாவி பயனர் முன்பு உள்ளிட்ட மதிப்புகளை மீட்டுக் கொடுத்திருக்கிறது. அதற்காக ‘சேஞ்ச்’ நிகழ்வு எழும் என்று உங்கள் நிரல் காத்திருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் பக்கத்தைச் சாதாரணமாகப் புதுப்பித்தாலே இதைக் காணலாம். மேலே சொன்ன கணக்கிடும் செயற்கூறை ‘பேஜ்ஷோ’ நிகழ்விலும் ஒருமுறை அழைத்தால் சரியாகிவிடும். ஜாவாஸ்கிரிப்டால் ஒரு புலத்தின் மதிப்பை மாற்றும்போதும் ‘இன்புட்’, ‘சேஞ்ச்’ நிகழ்வுகள் எழுவதில்லை. மாற்றிய கையோடு அதே செயற்கூறை அழையுங்கள்.

மீட்டமை பொத்தானில் ஒரு நுணுக்கம் உள்ளது. ‘ரீசெட்’ நிகழ்வு எழுந்த பிறகுதான் மதிப்புகள் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. ஆகவே அந்த நிகழ்வுக்குள் நேரடியாகக் கணக்கிட்டால் பழைய மதிப்புகளே கிடைக்கும். ‘செட்டைம்அவுட்’ மூலம் பூஜ்ஜிய நேரம் தள்ளிவைத்துக் கணக்கிடுவது போதுமானது.

அறிகுறி: உலாவியில் எல்லாம் சரி, சர்வர் மறுக்கிறது, அல்லது சர்வர் எதையும் கேட்பதே இல்லை

உலாவியின் சரிபார்ப்பு பயனருக்கான உதவி மட்டுமே. யார் வேண்டுமானாலும் அதைத் தாண்டிக் கோரிக்கை அனுப்பலாம். எனவே நிபந்தனை சர்வரில் மறுபடி எழுதப்பட்டே ஆக வேண்டும். அங்கே எழும் சிக்கல்களில் பெரும்பகுதி, ‘இல்லை’ என்பதன் பல வடிவங்களைக் குழப்பிக்கொள்வதால் வருகிறது. புலம் அனுப்பப்படவே இல்லை, வெற்றுச் சரமாக வந்தது, ‘நல்’ (மதிப்பே இல்லை என்று குறிக்கும் சிறப்பு மதிப்பு) ஆக வந்தது, பூஜ்ஜியமாக வந்தது என்ற நான்கும் வெவ்வேறு நிலைகள்.

குறியிடாத தேர்வுப்பெட்டி கோரிக்கையில் இடம்பெறுவதே இல்லை. அதன் மதிப்பு ஃபால்ஸ் என்றால் இன்னொரு புலம் கட்டாயம் என்று விதி எழுதியிருந்தால், வராத புலத்தோடு ஒப்பிட்டு அந்த விதி ஏமாந்துபோகும். அதே பெயரில் ஒரு மறைபுலத்தைத் தேர்வுப்பெட்டிக்கு முன்னால் வைத்து 0 என்ற மதிப்பை அனுப்புவது பழகிய தீர்வு. ரெயில்ஸ் என்ற சர்வர் பக்கக் கட்டமைப்பு இதைத் தானாகவே செய்கிறது. அதே ரெயில்ஸில் பூலியன் நெடுவரிசைக்கு ‘பிரசென்ஸ்’ விதி கொடுத்தால், ஃபால்ஸ் என்ற செல்லுபடியான விடையும் காலி என்றே கணக்கிடப்படும். அங்கே ட்ரூ, ஃபால்ஸ் இரண்டில் ஒன்றா என்று கேட்கும் ‘இன்க்ளூஷன்’ விதியே பொருந்தும். பிஎச்பியின் ‘எம்ப்டி’ செயற்கூறு ‘0’ என்ற சரத்தையும் காலி என்கிறது; எண்ணிக்கை கேட்கும் புலத்தில் பூஜ்ஜியம் என்று முறையாக விடையளித்த பயனருக்கு ‘இப்புலம் கட்டாயம்’ என்ற செய்தி போகும். டாட்நெட்டில் இதற்கு எதிர்த்திசைச் சிக்கல்: நல் ஏற்காத முழுஎண் பண்பின் மீது ‘ரிக்வயர்ட்’ எழுதினாலும், வராத மதிப்பு பூஜ்ஜியமாகவே நிற்பதால் அந்த விதிக்குக் குறை தெரிவதில்லை. நல் ஏற்கும் வகையாக மாற்றினால்தான் அது பொருள்படும்.

பிஎச்பி கட்டமைப்பான லாரவெலில் ‘ரிக்வயர்டு_இஃப்’ விதியைச் சரியாக எழுதியும், தொலைபேசியைத் தேர்ந்தவரிடம் ‘மின்னஞ்சல் முகவரி செல்லாது’ என்று பிழை வருவதைப் பலர் கண்டிருப்பார்கள். வெற்றுச் சரங்களை நல் ஆக்கும் இடைநிலை நிரல் லாரவெலில் இயல்பாகவே இயங்குகிறது. கட்டாயமில்லாத நிலையிலும் புலம் நல் மதிப்போடு வந்து நிற்பதால், அடுத்துள்ள மின்னஞ்சல் வடிவ விதி அதைச் சோதித்துத் தோற்கடிக்கிறது. ‘நல்லபிள்’ என்ற விதியைச் சேர்த்தால் நல் மதிப்பு அந்த வடிவச் சோதனைக்குப் போகாது. ‘ரிக்வயர்டு_இஃப்’ மட்டும் தொடர்ந்து இயங்கும்.

பகுதியளவுத் திருத்தக் கோரிக்கைகளில் இன்னொரு ஓட்டை. பயனர் எண்ணை மட்டும் காலியாக்கி அனுப்புகிறார்; ‘வழி’ அந்தக் கோரிக்கையில் இல்லை. வந்ததை மட்டும் சரிபார்க்கும் சர்வர், நிபந்தனை பொருந்தவில்லை என்று விட்டுவிடும். சேமிக்கப்பட்ட பதிவோடு வந்த மாற்றங்களை முதலில் இணைத்து, இணைந்த முழு வடிவத்தைச் சரிபார்க்க வேண்டும்.

தரவின் வடிவத்தை விதிகளாக விவரிக்கும் ஜேசன் ஸ்கீமா எழுதுவோருக்குத் தனியாக ஒன்று. ‘இஃப்’ பகுதியில் ‘வழி’யின் மதிப்பு ‘தொலைபேசி’ என்று மட்டும் எழுதினால், ‘வழி’யே இல்லாத தரவிலும் அந்த நிபந்தனை நிறைவேறியதாகவே கொள்ளப்படும், இல்லாத பண்பின் மீது விதி எதுவும் தோற்பதில்லை என்பது அந்த மொழியின் இலக்கணம். ஆகவே ‘இஃப்’ பகுதிக்குள்ளேயே ‘வழி’ கட்டாயம் என்றும் சேர்த்து எழுதுங்கள். மதிப்பு எதுவானாலும் ஒன்று வந்தால் மற்றது வர வேண்டும் என்ற எளிய தேவைக்கு, 2019-09 வரைவு முதல் ‘டிபெண்டன்ட்ரிக்வயர்ட்’ இருக்கிறது.

அறிகுறி: மற்றப் பிழைகளையெல்லாம் திருத்திய பின்னரே இந்தப் பிழை வருகிறது

பயனர் நான்கு பிழைகளைத் திருத்தி மறுபடி அனுப்பும்போது ஐந்தாவதாக ஒன்று முளைக்கிறது. பல நூலகங்களில் சரிபார்ப்பு இரண்டு அடுக்காக ஓடுவதே காரணம்: தனிப் புலங்களுக்கான விதிகள் முதலில், புலங்களுக்கு இடையிலான விதிகள் அதன்பின். ஜாட் என்ற சரிபார்ப்பு நூலகத்தில் பொருளின் மீது எழுதிய ‘ரிஃபைன்’, உள்ளே ஏதேனும் ஒரு புலம் வகைப் பிழையில் தோற்றால் ஓடுவதே இல்லை. ஏஎஸ்பி டாட்நெட்டில் ‘ஐவேலிடேட்டபிள்ஆப்ஜெக்ட்’டின் சரிபார்ப்பும் பண்புகளின் மீதுள்ள விதிகள் அனைத்தும் நிறைவேறிய பின்னரே அழைக்கப்படும். ஜாடில் இதைத் தவிர்க்க, ‘வழி’யின் மதிப்பைக் கொண்டு கிளை பிரியும் தனித்தனி வடிவங்களாக ஸ்கீமாவை எழுதலாம், அப்போது எண் கட்டாயம் என்பது முதல் அடுக்கிலேயே சேர்ந்துவிடும்.

பைத்தான் கட்டமைப்பான ஜாங்கோ இதற்கு மாறாக, புலங்களில் பிழை இருந்தாலும் ‘கிளீன்’ செயற்கூறை ஓட்டுகிறது. ஆனால் தோற்ற புலம், சரிபார்ப்பைக் கடந்த மதிப்புகளின் தொகுப்பான ‘கிளீன்டு_டேட்டா’வில் இருக்காது. சதுர அடைப்புக்குறியால் நேரடியாக எடுத்தால் நிரலே முறிந்துவிடும். ‘கெட்’ மூலம் எடுக்க வேண்டும். அப்படி எடுக்கும்போது எண் கிடைக்கவில்லை என்றால், அது காலியாக விடப்பட்டதாலா, தவறான வடிவத்தில் இருந்ததாலா என்றும் பாருங்கள். பார்க்காவிட்டால் ‘எண் தவறு’, ‘எண் கட்டாயம்’ என்ற இரண்டு செய்திகளும் ஒரே புலத்தின் அடியில் நிற்கும்.

அறிகுறி: இரண்டில் ஒன்று கட்டாயம் என்று எழுதினால் நிரலே ஓடவில்லை

மின்னஞ்சல் இல்லையேல் எண், எண் இல்லையேல் மின்னஞ்சல் என்று யப் என்ற சரிபார்ப்பு நூலகத்தில் ‘வென்’ கொண்டு எழுதினால், சுழல் சார்பு என்ற பிழையோடு நின்றுவிடும். எந்தப் புலத்தை முதலில் கணக்கிடுவது என்று அதனால் வரிசைப்படுத்த இயலவில்லை. ‘ஷேப்’ செயற்கூறின் இரண்டாவது உள்ளீடாக அந்த இரு பெயர்களையும் இணையாகக் கொடுத்தால் அந்த வரிசைப்படுத்தல் விலகும். ஆயினும் இத்தகைய விதியைப் புலங்களின் மீது எழுதாமல் படிவத்தின் மீது ஒரே விதியாக எழுதுவதே மேல். பிழைச் செய்தியும் அப்போது ‘இவ்விரண்டில் ஒன்றையேனும் நிரப்புங்கள்’ என்று ஒரே இடத்தில் நிற்கும்.

அறிகுறி: தோன்றியவுடனேயே புலம் சிவக்கிறது

பயனர் ‘தொலைபேசி’யைத் தொட்ட கணமே காலியான எண் புலம் சிவப்புக் கரையோடு வந்து நின்றால், அவர் எதையும் தவறாகச் செய்யாமலே கண்டிக்கப்படுகிறார். ‘:இன்வேலிட்’ தேர்விக்குப் பதிலாக ‘:யூசர்-இன்வேலிட்’ தேர்வியைப் பயன்படுத்துங்கள்; பயனர் புலத்தைக் கையாண்ட பிறகோ, சமர்ப்பிக்க முயன்ற பிறகோதான் அது பொருந்தும். 2023 முதல் முக்கிய உலாவிகள் அனைத்திலும் அது இயங்குகிறது. கட்டாயம் மாறும்போது பெயர்ச்சீட்டில் உள்ள நட்சத்திரக் குறியோ ‘கட்டாயம்’ என்ற சொல்லோ சேர்ந்து மாற வேண்டும். நிறத்தால் மட்டும் உணர்த்துவது திரைவாசிப்பானைப் பயன்படுத்துவோருக்கு எட்டாது.

அறிகுறி: தரவுத்தளத்தில் பொருந்தாத மதிப்புகள் சேர்கின்றன

பயனர் ‘பிற’ என்று தேர்ந்து விளக்கம் எழுதுகிறார்; பிறகு மனம் மாறி ‘மின்னஞ்சல்’ என்கிறார். மறைந்த விளக்கம் முடக்கப்படாவிட்டால் அதுவும் சேர்ந்து அனுப்பப்பட்டு, மின்னஞ்சல் வழியைத் தேர்ந்த பதிவில் பொருளற்ற விளக்கமாகத் தங்கிவிடும். உலாவியில் உடனே அழித்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை. மறுபடி ‘பிற’ என்று மாற்றும் பயனர் எழுதியதை இழந்துவிடுவார். உலாவியில் வைத்திருங்கள், முடக்கி அனுப்பாமல் விடுங்கள், சர்வரில் நிபந்தனை பொருந்தாத புலத்தை நீக்குங்கள். லாரவெலில் ‘எக்ஸ்க்ளூட்_அன்லெஸ்’ விதி இந்த நீக்கத்தைச் செய்யும். திருத்தப் படிவமாக இருந்தால், அனுப்பப்படாத புலத்தைத் தொடாமல் விடும் நிரல் பழைய விளக்கத்தை அப்படியே வைத்திருக்கும் என்பதால், அங்கே வெளிப்படையாக நல் ஆக்க வேண்டும்.

கடைசிக் காவலாகத் தரவுத்தளத்தில் ஒரு ‘செக்’ கட்டுப்பாடு எழுதலாம்: வழி தொலைபேசி அல்லாததாக இருக்க வேண்டும், அல்லது எண் நல் ஆக இருக்கக் கூடாது. எழுதும்போது இரண்டைக் கவனியுங்கள். வழியும் நல், எண்ணும் நல் என்றால் இந்தக் கூற்றின் விடை தெரியாத நிலை ஆகும். ‘செக்’ கட்டுப்பாடு பொய்யை மட்டுமே தடுப்பதால் அந்தப் பதிவு உள்ளே போய்விடும். ஆகவே வழி நெடுவரிசை ‘நாட் நல்’ ஆக இருக்க வேண்டும். மைஎஸ்கியூஎல் 8.0.16 பதிப்புக்கு முன்பு ‘செக்’ கட்டுப்பாட்டை ஏற்றுக்கொண்டு, செயல்படுத்தாமல் விட்டுவிடும். பழைய சர்வரில் பிழையின்றி உருவானது என்பதை வைத்து அது காவல் காக்கிறது என்று நம்பிவிட வேண்டாம். வழி தொலைபேசியாகவும் எண் நல்லாகவும் உள்ள ஒரு பதிவைக் கையால் உள்ளிட்டு, அது மறுக்கப்படுகிறதா என்று பாருங்கள்.